செத்த வீட்டில் குக்கர் சத்தம்

அந்தத் தீவில் யாரும் நல்ல சாவாகச் சாவதில்லை. ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான எரிமலைத் தீவு அது. மணல் கறுப்பு, வீடுகள் வெள்ளை, நடுவில் ஒரு துப்பறியும் ஆள். ஐம்பதைத் தாண்டியவர், சரியாகத் தூங்காதவர், வயிற்றுப் புண்ணை வைத்துக்கொண்டு காப்பியாகக் குடித்துத் தீர்ப்பவர். அவர் கதவைத் தட்டும் ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் பொய் சொல்வார்கள். அந்தப் பொய்களைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை.

சென்னையில் இருக்கும் டப்பிங் ஸ்டுடியோ தொடரைப் பகுதி பகுதியாக அனுப்பும். கூடவே ஆங்கிலத்தில் வசனம் வரும். திருவிடைமருதூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து நான் அதைத் தமிழில் பேச வைப்பேன். அர்த்தம் வந்தால் மட்டும் போதாது. திரையில் அந்த மனுஷன் வாயை மூடும் இடத்தில் என் வசனமும் வாயை மூட வேண்டும். ஒரு வரிக்காக அவர் உதட்டையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மஸ்கட்டில் இருக்கும் என் வீட்டுக்காரரின் முகத்தைக்கூட அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

மதியம் சாப்பிட்டதும் அம்மா மாடிக்கு வருவாள். படியேறக் கூடாது என்பது டாக்டரின் உத்தரவு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கி, வந்து சேர்வாள். பாஷை புரியாது. அதனால்தானோ என்னவோ, குற்றவாளியை எனக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாள். "இவந்தான். கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம நிக்கிறான் பாரு" என்பாள். கடைசிப் பகுதியில் அவனைத்தான் விலங்கு மாட்டி இழுத்துப் போவார்கள்.

அந்தத் துப்பறிகிறவருக்கு ஒரு பழக்கம் உண்டு. செத்தவர் வீட்டுக்குப் போனால் அழுகிறவர்களைப் பார்க்க மாட்டார். குடிக்கத் தண்ணீர் கேட்கிற சாக்கில் நேரே சமையலறைக்குப் போய்விடுவார். உப்பளத்தில் பிணமாகக் கிடந்த ஒருவனுடைய வீட்டில் அப்படிப் போய்த்தான் மூடி வைத்த பாத்திரத்தைத் தொட்டுப் பார்க்கிறார். சூடாக இருக்கிறது. வெளியே வந்து தன் உதவியாளரிடம் அவர் பேசும் வசனத்தை நான் இப்படி எழுதியிருந்தேன்: "செத்த வீட்ல கண்ணீரைப் பாக்காத. அடுப்பைப் பாரு." எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இவனுக்கு யாரோ நம்ம பக்கத்து ஆளு சொல்லிக் குடுத்துருக்கு" என்றாள்.

எங்கள் பக்கத்தில் பிணம் கிடக்கிற வீட்டில் அடுப்பு பற்ற வைக்க மாட்டார்கள். எடுத்த பிறகுதான் எல்லாம். அதுவரை காப்பித்தண்ணிகூட அடுத்த வீட்டிலிருந்துதான் வரும்.

அதே காட்சியில் என்னைப் பாடாய்ப் படுத்திய விஷயம் ஒன்று இருந்தது. புருஷன் செத்த செய்தியைக் கேட்டு அந்தப் பெண் அழுவதில்லை. ஒரு சொல் சொல்கிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள், அவ்வளவுதான். ஸ்டுடியோக்காரர் போன் செய்தார். "மேடம், நம்ம ஆளுங்க ஒத்துக்க மாட்டாங்க. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பும்போது ரெண்டு விம்மல் போட்டுக் குடுங்க." முடியாது என்றேன். சாயங்காலத்துக்குள் யோசித்துச் சொல்லச் சொன்னார். நான் கொதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காலையில்தான் வேதாரண்யத்திலிருந்து போன் வந்தது.

அதைச் சொல்வதற்கு முன் அம்மாவின் நெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வருஷம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவளுடைய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்கிற வலையை வைத்து அனுப்பியிருந்தார்கள். அதிர்ச்சியான சேதி எதையும் எடுத்தவுடன் சொல்லிவிடாதீர்கள் என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அதிலிருந்து எங்கள் வீட்டில் சாவுச் செய்தியெல்லாம் தவணை முறையில்தான். முதலில் முடியவில்லை, அப்புறம் சீரியஸ், அப்புறம்தான் மற்றது. தெருவில் யார் இறந்தாலும் அம்மாவைப் பொறுத்தவரை இரண்டு நாள் கழித்துத்தான் இறந்தார்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எல்லா அறையிலும் இருந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேதாரண்யத்தில் இருப்பவர் அம்மாவின் ஒரே தம்பி, என் மாமா. உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவிக்கிறவர். அவருக்கும் அம்மாவுக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது. அன்று அம்மாவுக்குப் பிறந்த வீட்டுப் புடவையைத் தம்பிதான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அம்மா அந்தப் புடவையைத்தான் கட்டுவேன் என்று பழைய புடவையோடு காத்திருந்தாள். முகூர்த்தம் நழுவுகிறது என்று ஐயர் கத்தத் தொடங்கிவிட்டார். மாமா வரவில்லை. அன்று அவர் மனைவியின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம், அங்கே போய்விட்டார். கடைசியில் அப்பா வாங்கி வைத்திருந்த புடவையைக் கட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்த அம்மா, போட்டோ எல்லாவற்றிலும் ஒரு பக்கமாகத் திரும்பித்தான் இருப்பாள். அதோடு போக்குவரத்து நின்றது. அவளுக்கு நெஞ்சில் வலை வைத்ததைக்கூட அவர்களுக்குச் சொல்லக் கூடாது என்றுவிட்டாள்.

போனில் அத்தைதான் பேசினாள். மாமாவின் மனைவி. அவள் எண் என் போனில் இருப்பதே அது அடித்தபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"பாப்பா... மாமா போயிட்டாரும்மா..."

நாற்காலியிலிருந்து எழுந்து கதவைச் சாத்தினேன். அம்மா கீழே சமையலறையில் இருந்தாள்.

"எப்ப அத்தை? என்ன ஆச்சு?"

"விடியக்காலைல... நெஞ்சை அடைச்சிட்டு... அம்மாகிட்ட சொல்லிடு. அழைச்சுக்கிட்டு வந்துடு."

"எப்ப எடுக்குறாங்க?"

அத்தையின் அழுகை சட்டென்று நின்றது. "அதெல்லாம்... நீங்க வாங்க" என்றாள். போன் கட்டாகிவிட்டது.

நான் பயந்துபோனேன். மாமாவை நினைத்து அல்ல என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அம்மாவை நினைத்துத்தான். அவள் என்னதான் வீம்பாக இருந்தாலும் அந்தத் தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். இந்தச் செய்தியை அவள் நெஞ்சு தாங்குமா, தாங்காதா? சொல்லாமலும் இருக்க முடியாது. தம்பி முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடாமல் செய்தேன் என்றால் என்னை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டாள். அப்பா அப்போது சென்னையில் அக்கா வீட்டில் இருந்தார். யோசனை கேட்கக்கூட ஆள் இல்லை.

அப்போது கீழே எங்கள் குக்கர் விசில் அடித்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மற்றொன்று நினைவுக்கு வந்தது. அத்தை அழுதுகொண்டிருந்தபோது அவளுக்குப் பின்னால் இதே சத்தம் கேட்டது. ஒரு முறை அல்ல. அழுகையைக் கவனித்த நான் அதைக் கவனிக்கவில்லை, காதில் மட்டும் விழுந்திருக்கிறது. மாமா வீடு ஊருக்கு வெளியே, உப்பளத்துக்குப் போகும் பாதையில் தனியாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குக்கர் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளப் பக்கத்தில் வீடே கிடையாது.

புருஷன் பிணமாகக் கிடக்கும்போது எந்தப் பெண் குக்கர் வைப்பாள்?

திரும்பவும் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார்கள். மாமாவின் எண்ணும் அப்படியே. சிங்கப்பூரில் இருக்கும் மாமா மகள் வாட்ஸ்அப்பில் சற்று முன்தான் தன் பையன் சைக்கிள் ஓட்டுவதை ஸ்டேட்டஸாகப் போட்டிருந்தாள். அப்பா செத்தது தெரியாத மகள். எப்போது எடுப்பார்கள் என்று தெரியாத மனைவி. வேகும் சோறு. மாசக்கணக்கில் அந்தத் தீவிலேயே குடியிருந்த என் புத்தி உடனே ஓடத் தொடங்கியது. பிறந்த வீட்டு நிலத்தின் பட்டாவில் அம்மாவின் பெயர் இன்னும் இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்லி ஆள் விட்டு ஒருமுறை கேட்டிருந்தார்கள். அம்மா பதிலே சொல்லவில்லை. இப்போது செத்ததாகச் சொல்லி வரவழைத்து, அழுகிற நேரத்தில் பத்திரத்தை நீட்டப் போகிறார்களா? இல்லை, மாமாவுக்கே ஏதாவது செய்துவிட்டார்களா? அத்தையை எனக்கு எப்போதுமே பிடிக்காது. பிடிக்காதவர்களைச் சந்தேகிப்பது எவ்வளவு சுலபம் என்று அன்று தெரிந்தது.

கீழே போய், "அம்மா, மாமாவுக்கு உடம்பு முடியலையாம். ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுவோம்" என்றேன். முதல் தவணை.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கட்டியிருந்தது வெளிறிப்போன பழைய நூல் புடவை. நோயாளியைப் பார்க்கப் போகிறவள் அதைக் கட்ட மாட்டாள்.  தெரிந்த டிரைவர் ஒருவரைக் காரோடு வரச் சொல்லி, டிரைவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

குடவாசல் வழியாகப் போனோம். மாசி மாதம். வயலெல்லாம் அறுவடை மெஷின் இறங்கியிருந்தது. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள், ரோட்டில் பாதியில் வைக்கோல். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தாள். நான் அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். உள்ளங்கையில் மாத்திரை அட்டை வேர்வையில் நனைந்துவிட்டது. ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டினேன். 

திருவாரூர் தாண்டியதும் அம்மா பேசினாள்.

"முடியலன்னா ஆஸ்பத்திரிலல்ல இருப்பான். ஏன் வீட்டுக்குப் போறோம்?"

நான் டிரைவரின் பின்தலையைப் பார்த்தேன். 

"மறைக்காத. சொல்லு."

"போயிட்டாருன்னு சொன்னாங்கம்மா" என்றேன். சொல்லிக்கொண்டே அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் அழவில்லை. ஒரு சத்தம்கூட இல்லை. அந்தத் தீவுக்காரியைப் போலவே ஜன்னலைப் பார்த்தாள். நாடி துடிப்பது என் விரலில் தெரிந்தது.

"யாரு சொன்னது?"

"அத்தை."

"அவளேவா போன் பண்ணா?"

"ஆமாம்மா."

"ம்" என்றாள். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு உயிர் போய் வந்தது. அழுதுவிட்டால்கூடத் தேவலை, இப்படி உள்ளேயே அடக்கினால் அந்த வலை என்னத்துக்கு ஆகும்? மாத்திரையை நீட்டினேன், தட்டிவிட்டாள். தண்ணீரை நீட்டினேன், வேண்டாம் என்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, அது பொய்யா இருக்கும்னு நினைக்கிறேன். அத்தை பேசுறப்ப பின்னாடி குக்கர் விசில் கேட்டுச்சு."

அம்மா கண்ணைத் திறந்தாள். "எத்தனை விசில்?"

"என்னம்மா கேக்குற? ரெண்டோ, மூணோ."

"அவ நாலு வுடுவா. சோறு குழைஞ்சிதான் இருக்கும்" என்றாள். வெளியே ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "காக்காயைப் பாத்துருப்பான்" என்றாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. காக்கைகள் இணை சேர்வதை ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டால் அவருக்கு ஆயுசு கெட்டி இல்லை என்பார்கள் எங்கள் பக்கத்தில். அதற்குப் பரிகாரம், அவர் இறந்துவிட்டதாகத் தூரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குப் பொய்ச் செய்தி அனுப்புவது. அவர்கள் நம்பி அழ வேண்டும். அந்தக் கண்ணீரோடு தோஷம் போய்விடும். அப்புறம் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். முன்பெல்லாம் தந்தி அடிப்பார்களாம். கேள்விப்பட்டிருக்கிறேன், யாரும் செய்து பார்த்ததில்லை. பட்டா, பத்திரம், கொலை என்று எல்லாவற்றையும் யோசித்த என் மூளைக்கு ஒரு காக்கை தோன்றவில்லை.

கோபம் தலைக்கேறியது. "இதுக்கா? வண்டியைத் திருப்பச் சொல்றேன்" என்றேன்.

"நிறுத்தச் சொல்லு" என்றாள் அம்மா.

திருத்துறைப்பூண்டிக்கு அந்தப் பக்கம், ஒரு வாய்க்கால் மதகு ஓரத்தில் வண்டி நின்றது. அம்மா இறங்கிப் போய் மதகுக் கட்டையில் உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம் அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. அவள் அம்மா செத்தபோதுகூட அப்படி அழவில்லை. "எங்கூடப் பொறந்தவனே, என் இடுப்புல இருந்தவனே, புடவை கொண்டாராம போனவனே, எனக்கு முன்னாடி போவியாடா" என்று மார்பில் அடித்துக்கொண்டு, ராகம் இழுத்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வரும்படி அழுதாள். ஒருத்தி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். யாருக்கு என்று என்னிடம் கேட்டாள். தம்பிக்கு என்று சொல்வதா, ஒன்றுமில்லை என்று சொல்வதா? நான் மாத்திரை அட்டையைக் கிழித்து வைத்துக்கொண்டு அம்மாவின் அடிக்கும் கையைப் பிடிக்கப் பார்த்தேன்.

"அடிக்காதம்மா, நெஞ்சும்மா! பொய்யின்னுதான் தெரிஞ்சுபோச்சே, ஏம்மா இப்படி அழுவுற?"

"பொய்யின்னு தெரிஞ்சதாலதாண்டி அழுவ முடியுது. நீ சும்மா இரு" என்றாள் விம்மலுக்கு நடுவில்.

அழுது முடித்ததும் தானாகவே மாத்திரையை வாங்கி நாக்கடியில் வைத்துக்கொண்டாள். முகத்தைக் கழுவச் சொன்னேன், கழுவவில்லை. அழுத முகம் அழுத முகமாகவே போக வேண்டும் என்பது அவள் கணக்கு.

மாமா வீட்டு வாசலில் பந்தல் இல்லை, நாற்காலி இல்லை, ஐஸ் பெட்டி இல்லை. கோழி மேய்ந்துகொண்டிருந்தது. அத்தை கேட்டில் நின்றாள். அம்மாவின் வீங்கிய முகத்தைப் பார்த்ததும் அப்படியே காலில் விழுந்தாள். "மன்னிச்சிடுங்க அண்ணி, வேற வழி தெரியல அண்ணி" என்றாள். அம்மா அவளைத் தொட்டுத் தூக்கவும் இல்லை, உதறவும் இல்லை. தாண்டிக்கொண்டு உள்ளே போனாள்.

அத்தை எழுந்து என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.  உப்பள வரப்பில் மாமா காக்கையைப் பார்த்திருக்கிறார். அன்றே வழுக்கி விழுந்து கால் பிசகி, அதிலிருந்து விடாத காய்ச்சல். ராத்திரியெல்லாம் புலம்புகிறார். யாரோ சொல்லி இதைச் செய்திருக்கிறாள். "அண்ணி தெரியாமதானே அழுதாங்க? தெரிஞ்சி அழுதா பலிக்காதாம் பாப்பா. நீ சொல்லிடலையே?"

இந்தப் பெண்ணைத்தான் காலையில் கொலைகாரி ஆக்கியிருந்தேன். திரையில் எத்தனையோ பேர் சொன்ன பொய்க்கு நான் வசனம் எழுதியிருக்கிறேன். இது என் சொந்தப் பொய்.

"எதுவும் சொல்லல அத்தை. தெரியாமத்தான் அழுதாங்க" என்றேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது போனில் கேட்ட அழுகை இல்லை.

மாமா பின்னறையிலிருந்து துண்டைப் போர்த்திக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். பாதி ஆளாக இருந்தார். அம்மா முற்றத்தில் நின்று அவரை மேலும் கீழும் பார்த்தாள்.  எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, எங்கம்மா நெஞ்சுல வலை வச்சிருக்கு. தெரியுமா உங்களுக்கு? வர்ற வழியில ஏதாச்சும் ஆயிருந்தா யாரு பதில் சொல்றது? உங்க காக்காவா?"

மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டார். "அக்கா... எனக்குத் தெரியாதேக்கா. யாரும் சொல்லலியே" என்றார். சொல்லக் கூடாது என்றவள் அவர் எதிரில்தான் நின்றாள். 

"வேற யாருமே கெடைக்கலியா உங்களுக்கு?" என்றேன் நான் விடாமல்.

"யாருக்குப் பாப்பா சொல்றது? எம்பொண்ணு அங்கேருந்து போன்ல அழுவும். அது பாவம், அதுகிட்டப் பொய் சொல்ல மனசு வரல. இவ சனங்க வந்து உக்காந்துட்டுப் போவாங்க. எனக்காக நெஜமா அழுவுற ஆளு யாருன்னு யோசிச்சேன். உங்கம்மாவைத் தவிர வேற ஆளு ஞாபகம் வரல." இதைச் சொல்லும்போது அவர் அம்மாவைப் பார்க்கவில்லை, தன் வீங்கிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா போய் அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "இன்னம் சுடுது. டாக்டரைப் பாக்காம காக்காயைப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கான்" என்றாள் அத்தையிடம். பல வருஷத்துக்குப் பிறகு அத்தையைப் பார்த்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். பிறகு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். சோறு குழைந்துதான் இருந்தது. பட்டாவைப் பற்றி அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டருகில் அம்மா அத்தையை நிறுத்தினாள். "பொய்க்கு என்னைக் கூப்புட்ட. நெஜத்துக்கும் கூப்புடணும். என்ன?" அத்தை தலையாட்டினாள்.

கார் திருவாரூரை நெருங்கும்போது நான் கேட்டேன். "நான் குக்கரைச் சொல்ற வரைக்கும் நீ ஏம்மா அழல? அப்பவே சந்தேகமா?"

"அவ போன் பண்ணான்னு நீ சொன்னியே, அப்பவே பாதி தெரிஞ்சிது. அவன் நெஜமாப் போயிருந்தா அவ எனக்குச் சொல்லியே விட்ருக்க மாட்டா. எடுத்துட்டு, மறுநாளு யாராச்சும் வழிப்போக்கன் சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சிருக்கும். அதைத்தான் இத்தனை வருஷமா நெனைச்சிக்கிட்டு இருந்தேன்" என்றாள். மீதிப் பாதியைப் பற்றி நான் கேட்கவில்லை.

மறுநாள் ஸ்டுடியோவுக்கு வசனத்தை அனுப்பினேன். விம்மல் போடவில்லை. வேண்டுமென்றால் வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டு ஒத்துக்கொண்டார். மாமாவுக்குக் காய்ச்சல் விட்டது. அத்தை அதைக் கண்ணீரின் கணக்கில் எழுதினாள், நான் ஊசியின் கணக்கில் எழுதினேன். சாயங்காலம் ஆனால் அக்காவும் தம்பியும் போனில் உட்கார்ந்துவிடுவார்கள். பேச்சு என்ன பேச்சு, சண்டைதான். புடவை விஷயத்தை அம்மா தினம் ஒருமுறை எடுத்துச் சொல்லிக் காட்டினாள். அவர் தினம் ஒருமுறை கேட்டுக்கொண்டார். ஆடியில் ஒரு சாக்கு உப்பு வந்தது. உப்போடு ஒரு புடவையும் வந்தது. அம்மா அதைப் பிரித்துப் பார்த்து, கலர் நன்றாக இல்லை என்று சொல்லிவிட்டு, மறு வெள்ளிக்கிழமை அதைக் கட்டிக்கொண்டு மகாலிங்கசுவாமி கோயிலுக்குப் போனாள்.

கார்த்திகையில் அடைமழை. அந்தத் தீவுத் தொடரின் அடுத்த பருவம் வந்திருந்தது. அதே ஆள், அதே வயிற்றுப் புண். காலையில் ஒரு வரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அத்தையின் எண்.

"பாப்பா..." என்றாள். அழுதாள். அவள் சொன்னதை நான் கேட்டேனோ இல்லையோ, அவளுக்குப் பின்னால் இருந்ததைக் கேட்டேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மூச்சை நிறுத்திக்கொண்டு கேட்டேன். மழை பெய்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். வேறு ஒன்றும் இல்லை. அந்தப் பரிகாரத்திலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும், அம்மா தெரியாமல்தான் அழுதாள் என்று மாசியில் அந்தக் கேட்டருகில் நான் சொன்ன பொய் அப்போது ஞாபகம் வந்தது.

திரும்பினால், அம்மா பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

"அவளா?" என்றாள். "விசில் கேக்குதா?"

கேட்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காரில் ஏற்றி, திருவாரூர் வரையிலாவது கொண்டு போயிருக்கலாம். தவணை முறை எனக்குத் தெரியாததா? ஆனால் படியில் இறங்கிப் போய்ப் போனை அவளிடம் கொடுத்தேன்.

அம்மா காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கேட்டாள். அத்தை அழுதுகொண்டே இருந்தாள். "அடுப்பு பத்த வைக்கல" என்று அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். பிறகு போனில், "வேற யாருக்கெல்லாம் சொல்லியிருக்க?" என்று கேட்டாள். பதிலைக் கேட்டு, "சரி, வர்றேன்" என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்தாள்.

"எனக்குத்தான் மொதல்ல பண்ணிருக்கா" என்றாள்.

நான் நீட்டிய மாத்திரையை மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். உள்ளே போய்த் தம்பி அனுப்பிய புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மழையில் கார் மெதுவாகத்தான் போக முடிந்தது. அந்த மதகைத் தாண்டும்போது நான் அவளைப் பார்த்தேன், அவள் ஜன்னலைப் பார்த்தாள். வேதாரண்யம் போய்ச் சேரும் வரை அம்மாவுக்கு அழுகை வரவில்லை.